கிருஷி ஹொண்டாவில் மீன் விடலாமா, பயோஃப்ளாக் தொட்டி போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஆனேக்கலைத் தாண்டி அப்பா பெயரில் 2 ஏக்கர் நிலம். ஓர் ஆழ்துளைக் கிணறு, அரசு உதவியில் வெட்டி பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஒரு கிருஷி ஹொண்டா, அதாவது பண்ணைக் குட்டை. அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார், நீங்கள் பெங்களூரில் வேலையில் இருக்கிறீர்கள். நுண்ணுயிரிகளைப் பெருக்கி அடர்த்தியாக மீன் வளர்க்கும் பயோஃப்ளாக் தொட்டிகள் 7 அமைத்தால் 40 விழுக்காடு மானியம் உண்டு, ஒரே ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்று ஒரு நிறுவனத்தார் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். போடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “எங்கள் பக்கம் தொடங்கிய நாலைந்து பேர் இரண்டு வருடத்தில் மூடிவிட்டார்கள், காரணம் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். நாடு முழுவதும் மீன் உற்பத்தி ஏறிக்கொண்டே போகிறது, அப்படியிருக்க சிறு விவசாயி ஏன் தோற்கிறார் என்று கேட்கிறீர்கள்.

என் படிப்பு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில். பிழைப்பு பெங்களூரைச் சுற்றி. ஹெசரகட்டா, மாலூர், ஹொசகோட்டே, ஓசூர் வட்டாரங்களில் குளம் வைத்திருப்பவர்களுக்கு நீரும் குஞ்சும் தீவனமும் பற்றிச் சொல்வதே நெடுங்காலமாக என் வேலை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி வேண்டாம். இருக்கிற ஹொண்டாவில் குறைந்த செலவில் மீன் விடுங்கள், அந்த மீனைக் கரையிலேயே உயிரோடு விற்கப் பழகுங்கள். முதல் ஆண்டில் அதை நம்பி உங்கள் வேலையை விடாதீர்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் 2022-23ஆம் ஆண்டில் பிடித்ததும் வளர்த்ததுமாகச் சேர்த்து மீன் உற்பத்தி சுமார் 175 லட்சம் டன். அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. இந்த வளர்ச்சியின் வேர் 1957 ஜூலை 10இல் இருக்கிறது. ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அவரோடு பணியாற்றியவர்களும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி, ரோகு முதலிய பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதுவரை குஞ்சு வேண்டுமென்றால் மழைக்கால ஆற்றில் அரித்துத்தான் எடுக்க வேண்டும், எந்த இனம் கிடைக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகே குளத்து மீன் ஒரு தொழில் ஆனது. ஆனால் அந்தத் தொழிலைப் பெரிதாக எடுத்துச் செய்தது ஆந்திரம். கொல்லேறு ஏரியைச் சுற்றியும் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று விரியும் குளங்கள், கால்வாய்த் தண்ணீர், மொத்த விலையில் தீவனம், ஐஸ் அடைத்து இரவோடு இரவாக நகரங்களுக்கு அனுப்பும் லாரிகள் என எல்லாம் அங்கே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. பெங்களூர்ச் சந்தையில் ரோகு, கட்லாவின் விலையை அந்த லாரிகள்தான் முடிவு செய்கின்றன. உங்கள் அண்ணன் வளர்க்கப்போகும் கட்லா அந்த விலையோடு மொத்தச் சந்தையில் மோதினால் தோற்கும். அவர் திறமைக்குறைவால் அல்ல, அந்த விலையில் மீன் வளர்க்க அவ்வளவு பெரிய குளம் வேண்டும் என்பதால்.

இப்போது பயோஃப்ளாக். இந்த முறையின் அறிவியலில் பொய் எதுவும் இல்லை. மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதத்தின் பெரும்பகுதி உடலில் சேராமல் அம்மோனியாவாகவும் கழிவாகவும் நீரில் கலக்கிறது. அந்த நீரில் வெல்லப்பாகோ வேறு மாவுச்சத்தோ கலந்து இடைவிடாமல் காற்றுச் செலுத்தினால், நுண்ணுயிரிகள் பெருகி அம்மோனியாவைத் தம் உடலாக மாற்றிக்கொண்டு பழுப்பு நிறத் திரள்களாக மிதக்கும். அந்தத் திரளை மீனும் தின்னும். ஒரு கிராம் நைட்ரஜனைக் கட்ட ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று இஸ்ரேலிய அறிஞர் யோராம் அவ்னிமெலெக் 1990களில் கணக்கிட்டார். அதன்படி 30 விழுக்காடு புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், கூடவே சுமார் அரைக் கிலோ மாவுச்சத்தும் போட வேண்டும். தீவனச் செலவு குறையும் என்று விற்பனையாளர் சொல்வார், இந்த அரைக் கிலோவை விட்டுவிடுவார்.

அவர் விடும் இன்னொன்று மின்சாரம். திரளில் இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிரிகளும் மீனோடு சேர்ந்து அதே ஆக்சிஜனைத்தான் உறிஞ்சுகின்றன. மின்சாரம் போனால் முதலில் நீர்ப்பரப்பின் கொதிப்பு அடங்கும். பிறகு பழுப்புத் திரள் மெல்ல அடியில் படியத் தொடங்கும். சற்று நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து, ஒரே பக்கமாகத் திரும்பி, வாய் பிளந்து நிற்கும். அடர்த்தியாக மீன் விட்ட தொட்டியில் இந்த நிலையிலிருந்து சாவு வரை ஒரு மணி நேரம்கூட ஆகாது. மாலூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் இதை நேரில் பார்த்தேன். ஜெனரேட்டர் இருந்தது, டீசலும் இருந்தது. இரவுக் காவலுக்கு இருந்தவர் அதை இயக்கத் தெரியாதவர். கர்நாடகத்தில் பாசனப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கிடைப்பது உண்மைதான். ஆனால் மும்முனை மின்சாரம் நாளுக்கு ஏழு மணி நேரம்தான், அதுவும் பல ஊர்களில் பாதி இரவில் வருகிறது. காற்றுக்குழாய்க்கு 24 மணி நேரமும் வேண்டும். எனவே தனி மின்இணைப்பு, தனிக் கட்டணம், மாற்று ஏற்பாடு, அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆள் என்று நான்கும் தேவைப்படும்.

பணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 4 மீட்டர் விட்டமுள்ள 7 தொட்டிகள் கொண்ட சிறு அலகின் மதிப்பு 7.5 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம். உங்களுக்கு 40 என்றால் 3 லட்சம் போக, 4.5 லட்சம் கைப்பணம். ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால் ஒரு தொட்டி ஏறக்குறைய 12,500 லிட்டர் கொள்ளும், ஏழும் சேர்ந்து 87 கன மீட்டர். புதிதாகத் தொடங்குபவர் கன மீட்டருக்கு 10 கிலோ எடுத்தாலே நல்ல விளைச்சல் என்பேன். அப்படியானால் ஒரு போகத்துக்கு 870 கிலோ, ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் சுமார் 1,750 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு 1.3 கிலோ தீவனம், கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 65 ரூபாய். ஒரு குதிரைத்திறன் காற்றூதி ஆண்டு முழுவதும் ஓடினால் 6,500 யூனிட்டுக்கு மேல் ஆகும். யூனிட் 7 ரூபாய் என்றால் 46,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 26 ரூபாய். குஞ்சு, வெல்லப்பாகு, சுண்ணாம்பு, மருந்து எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு இன்னொரு 18 ரூபாய். ஆக அடக்கமே 109 ரூபாய், இதில் அண்ணனின் உழைப்புக்கு ஒரு காசும் சேர்க்கவில்லை. வியாபாரி 120 ரூபாய்க்கு எடுத்தால் ஆண்டு முழுவதும் உழைத்து மிஞ்சுவது 20,000 ரூபாய்க்குக் கீழே. போட்ட முதல் 4.5 லட்சம். விலைகளை நான் கணக்குக்காக வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். விளைச்சல் இரட்டிப்பானால் மின்செலவு கிலோவுக்குப் பாதியாகும், படம் மாறும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த இரட்டிப்பை எட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சில ஆண்டுகள் நீரோடு பழகியவர்கள், சொந்தமாக ஆய்வுப் பெட்டி வைத்துக் காலையும் மாலையும் அம்மோனியா பார்ப்பவர்கள், சில்லறை விலைக்கு விற்க வழி வைத்திருப்பவர்கள். உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் வாய் திறக்காததன் காரணம் பெரும்பாலும் இந்த அடக்க விலைக்குள்தான் இருக்கும். கடன் வாங்கிப் போட்டவர் அந்தக் கணக்கை இன்னொருவர் முன் விரித்துக்காட்டத் தயங்குவது இயல்பு.

ஹொண்டாவுக்கு வருகிறேன். கர்நாடக அரசு 2014இல் கிருஷி பாக்யா திட்டத்தைத் தொடங்கிய பிறகு வெட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பண்ணைக் குட்டைகள் வறண்ட மாவட்டங்களில் இருக்கின்றன. மழைநீரைத் தேக்கி, பயிர் வாடும் நேரத்தில் பாய்ச்சுவதற்காக வெட்டப்பட்டவை அவை. அந்தத் தண்ணீர் எப்படியும் பயிருக்குப் போகப்போகிறது. போகும் முன் சில மாதம் மீனைச் சுமந்தால் கூடுதலாக ஒரு சொட்டும் செலவாகாது, மீன் கழிவு கலந்த நீர் தோட்டத்துக்கு உரமாகவும் சேரும். பெங்களூர் ஊரகம், கோலார், சிக்கபள்ளாப்பூர்ப் பகுதிகளில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டிருப்பது ஊரறிந்த செய்தி. ஆயிரம் அடிக்குக் கீழே போன கிணறுகள் இங்கே சாதாரணம். அப்படிப்பட்ட நிலத்தில் மீனுக்கென்றே ஆழ்துளை நீரை இறைத்துக் குளம் நிரப்புவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. 21 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு ஹொண்டாவின் பரப்பு 441 சதுர மீட்டர். வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலே தினமும் 2,200 லிட்டர் போய்விடும். அதை இறைத்து ஈடுகட்டத் தொடங்கினால் உங்கள் கிணறு மட்டும் அல்ல, பக்கத்து வயல்காரர் கிணறும் சேர்ந்து இறங்கும். இந்த வட்டாரத்தில் மீன் வளர்ப்பு நிலைத்து நிற்க வேண்டுமானால் அது மழைநீரைச் சார்ந்தே நிற்க வேண்டும், அந்த மழைநீர் தேங்கி நிற்கும் காலத்துக்குள் ஒரு போகம் எடுத்துவிட வேண்டும்.

பெங்களூர் 3,000 அடி உயரத்தில் இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆந்திரத்தில் ரோகு வளரும் வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கெண்டை இனங்களுக்கு உகந்த வெப்பநிலை 25 முதல் 32 டிகிரி வரை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் காற்று 15 டிகிரிக்கு இறங்கும்போது நீரும் குளிர்ந்து, மீன் தீவனத்தைத் தொடாது. ஆகவே குளிர் தாங்கும் சாதாக் கெண்டைக்கு முதலிடம் கொடுங்கள். ஆனால் உள்ளூரில் நெடுநாளாகப் புழங்கும் சாதாக் கெண்டை ஆறு மாதத்திலேயே சினை பிடித்து, உடல் வளராமல் நின்றுவிடும். ஹங்கேரியிலிருந்து கொண்டுவந்த அமுர் வகையை ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளூர் வகையோடு ஒப்பிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். அது நன்றாக வளர்கிறது, சினையும் தாமதமாகப் பிடிக்கிறது. குஞ்சு வாங்கும்போது அமுர் என்று கேட்டு வாங்குங்கள். ரோகுவில், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே நாட்டு நிபுணர்களோடு சேர்ந்து தேர்வு முறையில் உருவாக்கிய ஜெயந்தி ரோகு கிடைத்தால் நல்லது.

சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு போதும். 441 சதுர மீட்டர் ஹொண்டாவானால் சாதாக் கெண்டை 160, ரோகு 120, கட்லா 80, புல் கெண்டை 40, ஆக 400. புல் கெண்டையைத் தவிர்க்காதீர்கள். மாட்டுக்கு வெட்டும் புல்லில் ஒரு கட்டு போட்டால் அது தின்று, அதன் கழிவு மற்ற மீன்களுக்கு உணவாகும். குஞ்சு விரல் நீளமாவது இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ணுக்குத் தெரியாத நுண்குஞ்சை வாங்கி விட்டால் தவளைக்கும் நீர்ப்பூச்சிக்கும் தீனி போட்டதாகத்தான் முடியும். பை வந்ததும் அவிழ்த்துக் கொட்டாமல், கால் மணி நேரம் ஹொண்டா நீரிலேயே மிதக்க விட்டு, பிறகு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்து நீரைச் சேர்த்து, குஞ்சைத் தானாக நீந்தி வெளியேற விடுங்கள்.

விரிப்புப் போட்ட குட்டையில் மண் இல்லாததால் இயற்கை உணவு மெதுவாகத்தான் பெருகும். குஞ்சு விடுவதற்குப் பத்து நாள் முன்பே மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றத் தொடங்குங்கள், பிறகு வாரம் ஒரு கூடை. எவ்வளவு போதும் என்பதற்குக் கருவி வேண்டியதில்லை. காலை பத்து மணி வாக்கில் கையை நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, நேராக நீரில் இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நீர் சரியான பச்சையில் இருக்கிறது. முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்துங்கள். முழங்கை மூழ்கிய பிறகும் விரல்ரேகை தெரிந்தால் இன்னும் உணவு வேண்டும். அளவுக்கு மீறிப் பச்சையான குளத்தில் பகலெல்லாம் ஆக்சிஜன் நிறைந்திருக்கும், இரவில் அந்தப் பாசியே அதைத் தின்றுவிடும், விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். மாலையில் வானம் மூடியிருந்தால் மறுநாள் காலைத் தீவனத்தைத் தள்ளிப்போடுவது ஒன்றே பல குளங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தீவனத்துக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு போதும். ஆந்திரத்துக்காரர்கள் செய்வதுபோல, ஓட்டை போட்ட உரச் சாக்கில் அதை நிரப்பிக் கம்பில் கட்டி நீரில் தொங்கவிடுங்கள். மீன் வந்து முட்டி முட்டித் தின்னும். மாலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்து மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்கலாம். இறைத்துப் போடுவதைவிட வீணாவது மிகக் குறைவு.

பத்து மாதத்தில் 300 மீன் பிழைத்து, சராசரி 700 கிராம் எடை வந்தால் 210 கிலோ. தீவனம், குஞ்சு, சுண்ணாம்பு, வலைக்கூலி எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாய் ஆகும். வியாபாரிக்குக் கிலோ 110 ரூபாய்க்குக் கொடுத்தால் 23,100 ரூபாய் வரும், மிஞ்சுவது மூவாயிரம். அதே மீனைக் கரையில் 160 ரூபாய்க்கு விற்றால் 33,600 வரும், மிஞ்சுவது பதின்மூவாயிரத்துக்கு மேல். மீனும் உழைப்பும் ஒன்றேதான், விற்கும் விதம் நான்கு மடங்கு வித்தியாசம் செய்கிறது. சிறு விவசாயிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: குஞ்சு வாங்கும் முன் வாடிக்கையாளரைத் தேடுங்கள். பதின்மூவாயிரம் ஒரு குடும்பத்தின் வருமானம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். கேழ்வரகும் தக்காளியும் இரண்டு மாடும் இருக்கும் பண்ணையில் அது கூடுதல் வரவு, அவ்வளவே. அதற்கு மேல் சொல்லி ஆசை காட்டுபவரை நம்பாதீர்கள்.

அந்த வாடிக்கையாளர் யார் என்பதில் நம்மவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள், அல்சூரானாலும் லிங்கராஜபுரமானாலும், ஞாயிற்றுக்கிழமை சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் தேடுவது வஞ்சிரமும் சங்கராவும் மத்தியும்தான். குளத்து மீன் என்றாலே முள், சேற்று வாடை என்று முகம் சுளிப்பார்கள், விராலுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆனால் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர் சாலை அடுக்ககங்களில் வங்காளிகளும் ஒடியாக்களும் அசாமியரும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ரோகுவும் கட்லாவும் வீட்டுச் சாப்பாடு. ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீனுக்கும் கண் முன்னே துள்ளும் மீனுக்கும் உள்ள ருசி வேறுபாடு அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்குப் பணம் கொடுக்கவும் தயங்குவதில்லை. ஆனேக்கல் அவர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். இங்கேதான் பெங்களூரில் இருக்கும் நீங்கள் உங்கள் அண்ணனுக்கு உண்மையிலேயே உதவ முடியும். உங்கள் அலுவலகத்தில், குடியிருப்பில் இருபது வீடுகளைப் பிடியுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் யாருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். ஞாயிறு விடியலில் அண்ணன் அந்த அளவுக்கு மட்டும் வலை போடட்டும். வாரம் 20 கிலோ என்றால் பத்து வாரத்தில் ஹொண்டா காலி. பெரிய மீன் முதலில் வெளியேறுவதால் சிறியவைக்கு இடம் கிடைத்து அவையும் தேறும். பயோஃப்ளாக்கில் ஒரு போகம் முடிந்ததும் 870 கிலோவையும் சில நாளுக்குள் தள்ள வேண்டியிருக்கும், நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு நாளும் தீவனமும் மின்சாரமும் தின்னும். தொட்டிகளை மாற்றி மாற்றி நிரப்பி இதைக் கொஞ்சம் பரப்பலாம். ஆனாலும் வியாபாரி வந்து நிற்கும்போது விலை பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

சில மீன்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஹொசகோட்டேப் பக்கம் கோழிக் கழிவைப் போட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது லாபம் என்று யாராவது சொல்வார்கள். அந்த மீனை வளர்ப்பது தடை செய்யப்பட்டது, அந்தத் தடை சரியானதும்கூட. ஒரு பெருமழையில் குட்டை உடைந்து நாலு மீன் ஏரிக்குப் போனாலே அங்கிருக்கும் அயிரை, உளுவை, குரவை எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். அழுகிய கழிவைப் போட்டு வளர்த்த மீனை எந்தப் பிள்ளைக்கும் சமைத்துப் போடக் கூடாது. நம் ஊரில் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது குளம் முழுக்கக் குட்டியாகவே பெருகி நிற்கும், எடைக்கு வராது. கிஃப்ட் எனப்படும் திலாப்பியா வகை வேறு. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு முறை இனப்பெருக்கத்தில் உருவானது, வேகமாக வளரும். ஆனால் அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் ஆண் குஞ்சுகளாக வாங்கி, மீன்வளத் துறையில் பதிந்துதான் வளர்க்க வேண்டும். உங்கள் ஹொண்டாவின் வழிந்தோடும் நீர் ஊர் ஏரிக்குப் போகிறது என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு அது வேண்டாம்.

இதுவரை சொன்னவற்றில் நீரின் வேதியியலும் வெப்பநிலையும் மின்கணக்கும் எனக்கு உறுதியானவை. இனி சொல்வது அப்படியல்ல. விராலுக்குக் கிலோ 400 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை வளர்த்து லாபம் பார்ப்பது எல்லோருக்கும் கைகூடுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒன்றையொன்று தின்னும் மீன் அது, வாரந்தோறும் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும், உருண்டைத் தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சு எளிதில் கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் புண் நோயும் அதைத்தான் முதலில் தாக்கும். 1988 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புண் நோய்க்கு நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. சுண்ணாம்பும் தூய்மையும் முன்கூட்டியே காக்கும். கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கலவைப் பொடிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தொட்டியில் அவை பயன்படலாம். உங்கள் ஹொண்டாபோல் அடர்த்தி குறைந்த குளத்தில் அவற்றால் விளைச்சல் கூடியதற்கு நம்பத்தக்க சான்றை நான் பார்த்ததில்லை, அந்தப் பணத்தைத் தவிட்டில் போடுங்கள். பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள், அந்த ஏரிகளில் மீனும் வளர்கிறது. ஏரி நிறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி, வறண்ட ஊருக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் அந்த மீனைத் தொடர்ந்து ஆய்வகத்தில் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. சுத்திகரிக்காத சாக்கடை கலந்தால் என்ன ஆகும் என்பதை 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தபோது நகரமே பார்த்தது.

கடன், மானியம் பற்றி நான் ஓரளவுதான் சொல்ல முடியும், அது என் துறை அல்ல. 2018-19 முதல் மீன் வளர்ப்பவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. வட்டி 7 விழுக்காடு, தவணை தவறாமல் கட்டினால் 3 விழுக்காடு கழிவு. தீவனச் செலவுக்கு இது தனியார் கடனைவிடப் பல மடங்கு நல்லது. மானியம் பொதுவாகச் செலவு செய்து, அதிகாரி வந்து பார்த்த பிறகே கணக்கில் ஏறும். இடைப்பட்ட மாதங்களுக்கு வெளிக்கடன் வாங்கினால் மானியத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போய்விடும். எந்தத் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது, உங்கள் பிரிவுக்கு இடம் இருக்கிறதா என்பதைத் தரகரிடம் கேட்காமல் ஆனேக்கல் மீன்வளத் துறை அலுவலகத்தில் அண்ணன் நேரில் போய்க் கேட்க வேண்டும். நிலம் அப்பா பெயரில் இருப்பதால் அவருடைய ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும்.

உடனே செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. முதலாவது, ஹொண்டாவின் நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், சுற்றிலும் வேலி போடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக் விரிப்பில் விழுந்தவர் ஏற முடியாமல் இறந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன, மீனுக்குத் தீவனம் போட தினமும் இறங்கப்போவது உங்கள் வீட்டு ஆட்கள். இரண்டாவது, ஹொண்டா நீரையும் கிணற்று நீரையும் தனித்தனிப் புட்டியில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, இரும்பு, அம்மோனியா ஆகிய ஐந்தும் போதும். அம்மோனியா அளவு ஒன்றாகவே இருந்தாலும் பி.எச். 7இல் அதில் நஞ்சாக இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 9இல் நூற்றில் நாற்பது. எனவே ஒரு எண்ணை மட்டும் சொன்னால் எனக்குப் பயன்படாது. மூன்றாவது, அமுர் குஞ்சுக்கும் ரோகு, கட்லாவுக்கும் அரசுப் பண்ணையில் முன்கூட்டியே பெயர் பதிந்து வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பெருங்கெண்டைக் குஞ்சு தாராளமாகக் கிடைக்கும். செப்டம்பருக்குப் பிறகு விட்டால் குளிருக்குள் மீன் தேறாது. சோதனை முடிவு வந்ததும் ஐந்து எண்களையும் இங்கே எழுதுங்கள். எவ்வளவு சுண்ணாம்பு, எப்போது போட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.